குடை எடுத்த நாளில் வெயில்



2024ஆம் ஆண்டு அக்டோபர் மாத மழை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ஒன்பதாம் வகுப்பிற்குள் நுழைந்தேன். ஒரே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. “என்ன விசேஷம்?” என்று கேட்டேன். ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், ரெட் அலர்ட்னு சொல்லி லீவு விட்டாங்க. மழையைக் காணோம், வெயில்தான் எட்டிப் பார்த்துச்சு. இப்போ அந்த லீவுக்குச் சனிக்கிழமை ஸ்கூல் வைப்பாங்க. எங்க ராசி அப்படி!” என்றாள். பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல், “எங்க வீட்டுல அதுக்காகக் காய வெச்ச துணியெல்லாம் உள்ளே எடுத்துட்டோம் டீச்சர்” என்றது. மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் வீடு முடிச்சூர்ப் பக்கம். வகுப்பு முடிந்ததும் தனியே அழைத்துக் கேட்டேன். “எங்க வீட்டுல மழைன்னு சொன்னா முதல்ல கேஸ் சிலிண்டரையும் ஸ்கூல் புத்தகத்தையும் பரண்மேல ஏத்துவாங்க டீச்சர். அன்னைக்கும் ஏத்தினோம். மழை வரலைன்னு அம்மா அழுதாங்க. சந்தோஷத்துல” என்றாள்.

இரண்டு மாணவிகள், ஒரே வானம். ஒருத்திக்கு வராத மழை ‘ராசியில்லாத லீவு’. இன்னொருத்திக்கு அதே வராத மழை பெரும் பாக்கியம். அன்றிலிருந்து இந்தப் ‘மழை ராசி’யைப் பற்றி ஒரு பாடம் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதுவே இக்கட்டுரை.

ராசிக் கதைகள்

வானிலையைக் கேலி செய்வது நேற்றுத் தோன்றிய பழக்கமன்று. குடை எடுத்துச் சென்றால் மழை வராது. மறந்து வைத்துவிட்டுப் போனால் கொட்டும். பாட்டி மொட்டை மாடியில் வடகம் பிழிந்தால் அன்று மேகம் திரளும். பச்சரிசியை அள்ளித் தின்ற பெண்ணின் கல்யாணத்தில் மழை பெய்யும் என்று சொல்லாத தாய்மார் நம் ஊரில் உண்டோ? மழை பொய்த்த காலத்தில் கழுதைக்கும் கழுதைக்கும் கல்யாணம் செய்து வைத்தார்கள். கொடும்பாவி கட்டித் தெருத் தெருவாக இழுத்தார்கள். ஊருக்கு வந்த கேட்டுக்கு யாரோ ஒரு பாவிதான் காரணம் என்ற எண்ணமே அந்த வழக்கத்தில் ஒளிந்திருக்கிறது.

பழங்கதைகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இராமாயணத்தில் வரும் கலைக்கோட்டு முனிவர் கால் வைத்த நாட்டில் மழை பொழிந்ததாம். விவிலியத்தில் வரும் யோனா ஏறிய கப்பலைப் புயல் சூழ்ந்தது. ‘இந்தப் புயலுக்கு யார் காரணம்?’ என்று மாலுமிகள் சீட்டுப் போட்டார்கள். சீட்டு யோனாவின் பெயருக்கு விழுந்தது.

விடுமுறைக்கு ஏங்கும் நம் பிள்ளைகளுக்குப் பிடித்தமான கதை ஒன்றும் உண்டு. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் வாழ்ந்த புனித ஸ்கொலாஸ்திகா, புனித ஆசீர்வாதப்பரின் சகோதரி. அண்ணனும் தங்கையும் ஆண்டுக்கு ஒருமுறைதான் சந்தித்துக்கொள்வார்கள். ஒரு சந்திப்பில் மாலைப்பொழுதானதும் அண்ணன் மடத்துக்குத் திரும்ப எழுந்தார். இன்னும் சற்று நேரம் பேசிக்கொண்டிருக்கலாமே என்று தங்கை கெஞ்சினார். சட்டத்தை மீற முடியாது என்றார் அண்ணன். அவர் மேசைமீது கைகளைக் குவித்துத் தலை சாய்த்துச் செபித்தார். தெளிவாக இருந்த வானம் இடி மின்னலோடு கொட்டித் தீர்த்தது. அண்ணன் வாசலைத் தாண்ட முடியவில்லை. மூன்று நாள் கழித்துத் தங்கை இறைவனடி சேர்ந்தார் என்று வரலாறு சொல்கிறது. அன்பின் பொருட்டுக் கிடைத்த மழை விடுமுறை அது!

கதைகள் இருக்கட்டும். நம் குடைக்கு வருவோம். உண்மையில் குடை எடுத்த நாளில் மழை வருவதில்லையா? ஒரு நோட்டில் நான்கு கட்டம் வரையுங்கள். குடை எடுத்தேன், மழை பெய்தது, குடை எடுத்தேன், பெய்யவில்லை, எடுக்கவில்லை, பெய்தது, எடுக்கவில்லை, பெய்யவில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு மாதத்தில் 20 பள்ளி நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கட்டங்களிலும் முறையே 7, 5, 2, 6 என்று வருவதாகக் கொள்வோம். இதில் நம் மனத்தில் தங்குபவை எவை? வீணாகக் குடை சுமந்த 5 நாளும், நனைந்து வந்த 2 நாளும்தான். குடை சரியாக உதவிய 7 நாளையும், குடையும் மழையும் இல்லாத 6 நாளையும் நாம் மறந்துவிடுகிறோம். இருபதில் பதின்மூன்றை மறந்துவிட்டு ஏழை மட்டும் வைத்துக்கொண்டு ‘என் ராசி’ என்கிறோம். வானம் நம் கையிலிருக்கும் குடையைப் பார்ப்பதில்லை. நாம்தான் கணக்கு நோட்டை ஒழுங்காக எழுதுவதில்லை.

லீவு விட்டதும் ஏன் வெயில்?

“அப்படியானால் வானிலை நிலையத்தாரும் கணக்குத் தவறிவிட்டார்களா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது வடகிழக்குப் பருவமழை. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 140 செ.மீ. மழை பெய்கிறது, அதில் பாதிக்கு மேற்பட்டது இந்த மூன்று மாதங்களில் பெய்துவிடும். வங்கக் கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்களோடு மேகப் பட்டைகள் வருகின்றன. மண்டலம் பெரிது, ஆனால் கொட்டும் மேகம் சிறிது. சில கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு மேகக் கூட்டம் தாம்பரத்தின்மேல் நின்றால் இங்கே வெள்ளம். கடலின்மேல் நின்றால் மீனுக்குத்தான் மழை. சென்னைத் துறைமுகத்திலும் பள்ளிக்கரணையிலும் உள்ள ராடார்கள் மேகம் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும். ஆனால் நாளைக் காலை எட்டு மணிக்கு அது எந்தத் தெருவின்மேல் நிற்கும் என்று முதல்நாள் இரவே சொல்ல எவராலும் இயலாது.

2024 அக்டோபரில் நடந்ததும் இதுதான். 15ஆம் தேதி சென்னையிலும் புறநகரிலும் கனமழை. 16ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை தரப்பட்டது. முந்திய ஆண்டு வெள்ளத்தில் வண்டிகளை இழந்த வேளச்சேரி மக்கள் இம்முறை தங்கள் கார்களை மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்தினார்கள். மழைப் பட்டையோ வடக்கே நகர்ந்துவிட்டது. 17ஆம் தேதி அதிகாலை அந்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. இடையில் 16ஆம் தேதி எதிர்பார்த்த பெருமழை இல்லை. மேம்பாலத்துக் கார்களைப் பார்த்து ஊரே சிரித்தது.

இந்தச் சிரிப்பைச் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்து 2016இல் ஓய்வு பெற்ற திரு. எஸ். ஆர். ரமணன் நன்கு அறிவார். அவர் தொலைக்காட்சியில் தோன்றினாலே பிள்ளைகள் லீவு என்று துள்ளுவார்கள். அவர் ‘கனமழை’ என்றால் வெயில் அடிக்கும் என்று பெரியவர்கள் கேலி பேசுவார்கள். தமிழ்நாட்டில் அவரைப்போல் பிள்ளைகளின் அன்பைப் பெற்ற விஞ்ஞானி அரிது!

விடுமுறை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். அவருடைய நிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் காலை ஏழு மணிக்கெல்லாம் பேருந்திலும் மின்சார ரயிலிலும் ஏறிவிடுவார்கள். அதற்கு முன்பே முடிவு சொல்லியாக வேண்டும். விடுமுறை விட்டு மழை வராவிட்டால் நமக்கு நஷ்டம் ஒரு சனிக்கிழமை. விடுமுறை விடாமல் மழை வந்துவிட்டால் முழங்கால் தண்ணீரில், திறந்து கிடக்கும் கால்வாய்களுக்கு நடுவில், பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டும். இவ்விரண்டு தவறுகளும் எடைக்கு எடை சமமானவை அல்ல. இரண்டில் எந்தத் தவறு பொறுக்கத் தக்கது என்பது ஒரு தாய்க்குத் தெரியும். ஆகவே ‘வீணாய்ப் போன’ விடுமுறை வீணன்று. மேம்பாலத்தில் நின்ற காரும் வேடிக்கையன்று.

49 செ.மீ. பெய்த நாள்

எச்சரிக்கை மெய்யாகவே பலித்த நாளையும் நம் ஊர் பார்த்திருக்கிறது.

2015ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முழுவதும் மழை. நுங்கம்பாக்கத்தில் அந்த ஒரு மாதத்தில் 1,049 மி.மீ. பதிவாயிற்று. 1918ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த 1,088 மி.மீ.க்குப் பிறகு அவ்வளவு மழை பெய்த நவம்பர் அதுவே. பள்ளிகளுக்கு விடுமுறைமேல் விடுமுறை. முதல் வாரம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பிறகு சலிப்பு. ‘போதும் மழையே, பள்ளிக்கூடம் போகிறோம்’ என்று பிள்ளைகளே சொல்லும்படி ஆயிற்று.

டிசம்பர் 1 காலை எட்டரை மணியிலிருந்து மறுநாள் காலை எட்டரை மணி வரை தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. இருபது செ.மீ.க்கு மேல் பெய்தாலே அதி கனமழை என்று வகுத்திருக்கிறார்கள்; இங்கே அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ஏற்கெனவே நிரம்பியிருந்த ஏரிகளில் இடமில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கங்களிலிருந்து வந்த வெள்ளமும் திருநீர்மலையருகே அந்த நீரும் அடையாற்றில் கலந்தன. ஆறு தன் பழைய அகலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்டார்கள். மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்பட்டது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் பறந்தன. அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. நனைந்துபோன பாடநூல்களுக்குப் பதில் புதிய நூல்கள் வழங்கப்பட்டன. இழந்த சான்றிதழ்களுக்கு நகல் தரச் சிறப்பு முகாம்கள் நடந்தன. தேர்வு தள்ளிப்போனதில் மகிழ்ந்த பிள்ளைகள் இருந்திருக்கலாம். ஆனால் சேற்றில் ஊறிய மதிப்பெண் பட்டியலை மின்விசிறிக் காற்றில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்த தாய்மாரும் இருந்தார்கள்.

தண்ணீர் இல்லாததால் விடுமுறை

இப்போது நான்கே ஆண்டுகள் தள்ளிப் போவோம்.

2018ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை சென்னையில் வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. அதன்பின் ஆறு மாதத்துக்கு மேல் சொல்லிக்கொள்ளும்படியான மழையே இல்லை. 2019 ஜூன் மாதம் நகரத்துக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளிலும் சேர்த்து மொத்தக் கொள்ளளவில் ஒரு விழுக்காடு நீர்கூட இல்லை. எந்தச் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி பாய்ந்ததோ, அந்த ஏரியின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துக் குடிக்கத் தந்தார்கள்.

உணவகங்களில் மதியச் சாப்பாடு நின்றது. பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. புறநகரில் சில பள்ளிகள் கழிப்பறைக்குத் தண்ணீரில்லாமல் வகுப்பு நேரத்தைக் குறைத்தன. மழை பெய்ததால் விடுமுறை கண்ட பிள்ளைகள், மழை பெய்யாததாலும் விடுமுறை கண்டார்கள்!

இந்த விடுமுறையை எவரும் கொண்டாடவில்லை. ஏனென்றால் பஞ்சத்தின் சுமை முதலில் ஏறுவது பெண்களின் இடுப்பில். தண்ணீர் லாரி இரவு இரண்டு மணிக்கு வந்தாலும் குடத்தோடு ஓடுகிறவள் தாய். அவளுக்குத் துணையாக எழுந்து வரிசையில் நிற்பவள் மகள். காலையில் அதே மகள்தான் வகுப்பில் தூங்கி விழுகிறாள். ‘தூக்கமூஞ்சி’ என்று அவளைக் கேலி செய்வது எளிது. குடங்களின் எண்ணிக்கையை யார் அறிவார்?

2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 தொட்டிகள், ஒவ்வொன்றிலும் 50,000 லிட்டர், ஆக மொத்தம் 25 லட்சம் லிட்டர். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து காவிரி நீர் ரயிலேறி வந்தது. அந்த ரயிலை ஊரே நின்று பார்த்தது.

ஒரு சிறு கணக்கு

பிள்ளைகளே, இப்போது பென்சிலை எடுங்கள். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ., அதாவது 490 மி.மீ. ஆகவே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 490 லிட்டர். ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஒன்றேகால் ஏக்கரில் அன்று விழுந்த நீர் எவ்வளவு? ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர்!

இருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2019இல் அவ்வளவு பாடுபட்டு ரயிலில் ஒரு நடை கொண்டு வந்த நீரும், 2015இல் ஒரே நாளில் தாம்பரத்தின் ஒன்றேகால் ஏக்கர் நிலத்தில் விழுந்து ஓடிப்போன நீரும் ஒரே அளவுதான். ஒரு விளையாட்டுத் திடலுக்கு ஒரு ரயில்!

இன்னொரு கணக்கு. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 10,300 கோடி. அந்த ஏரி ஒருமுறை நிரம்பினால் அதில் இருப்பது இத்தகைய ரயில்கள் ஏறத்தாழ 41,000 நடை சுமக்கும் நீர். ஏரி என்பது என்ன என்று கேட்டால் இனி இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

மூன்றாவது கணக்கு வீட்டுக்கு. 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஆண்டுக்கு 1,400 மி.மீ. மழை என்றால் 1,40,000 லிட்டர். வழியில் வீணாவதைக் கழித்து எண்பது விழுக்காடு சேர்ந்தாலும் 1,12,000 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றால் 224 நாளைக்குப் போதும். அவ்வளவையும் தொட்டியில் வைக்க முடியாது. கிணற்றுக்கும் நிலத்துக்கும் அனுப்பலாம். இதற்காகவே 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாய் பல வீடுகளில் இருக்கிறது. அதன் வாய் அடைத்துக் கிடக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதை மாடிக்கு ஏறிப் பார்த்தால்தான் தெரியும்.

ஏரிகளின் ஊர்

ஆக, வெள்ளமும் வறட்சியும் இரண்டு வேறு துரதிர்ஷ்டங்கள் என்று நினைப்பது சரியில்லை. மழை கூடுவதும் குறைவதும் இயற்கை. அது என்றும் உண்டு. கூடிய ஆண்டின் நீரைக் குறைந்த ஆண்டுக்கு எடுத்து வைப்பதுதான் மனிதர் வேலை. நம் முன்னோர் அதை அறிந்திருந்தார்கள். செங்கற்பட்டுப் பகுதிக்கு ‘ஏரி மாவட்டம்’ என்று பெயர் வந்தது சும்மாவா?

தாம்பரம் ரயில் நிலையத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். தண்டவாளத்துக்கு மேற்கே விழும் மழை பீர்க்கன்காரணை, முடிச்சூர் வழியாக அடையாற்றை நாடுகிறது. கிழக்கே விழும் மழை சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என்று ஏரிக்கு ஏரி இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் போக்குக் கால்வாயில் இறங்கும். அதுவே அடுத்த ஏரிக்கு வரத்துக் கால்வாய். மாலையில் மணி கோத்ததுபோல் ஏரிகள். நடுவில் நூல் அறுந்தால் மணிகள் சிதறும். கால்வாயை மூடி வீடு கட்டினால் மேலேயுள்ள தெருவில் வெள்ளம். கீழேயுள்ள ஏரியில் வறட்சி. இரண்டும் ஒரே தவறின் இரு முகங்கள்.

பள்ளிக்கரணை ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருந்தது. பெரும்பகுதி கட்டடங்களாலும் சாலைகளாலும் குப்பை மேட்டாலும் நிரம்பிவிட்டது. எஞ்சியதில் 1,248 ஹெக்டேர் அளவு 2022ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது நமக்குச் சற்று ஆறுதல். அங்கிருந்து நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. அக்கால்வாய்க்கும் ஒரு கதை உண்டு. 1876-78ஆம் ஆண்டுகளின் கொடிய தாது வருடப் பஞ்சத்தில், பசித்த மக்களுக்கு நிவாரண வேலையாகத்தான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கி.மீ. பகுதி வெட்டப்பட்டது. மழையில்லாக் காலத்தில் பட்டினி கிடந்த கைகள் வெட்டிய கால்வாய் அது. பெருமழைக் காலத்தில் வெள்ளத்தைச் சுமக்கிறது.

சிரிப்பு எங்கே நிற்க வேண்டும்?

‘அப்படியானால் மழையைப் பற்றி ஜோக் அடிக்கவே கூடாதா, டீச்சர்?’ என்று கேட்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே சிரிக்கத் தெரிந்தவர்கள் நம் மக்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் 2015ஐயும் 2019ஐயும் கடந்து வந்திருக்க முடியாது.

ஆனால் இரண்டு இடங்களில் சிரிப்பு நிற்க வேண்டும். என் நனைந்த குடையைப் பார்த்து நான் சிரிக்கலாம். அடுத்த வீட்டுக்காரரின் நனைந்த அரிசி மூட்டையைப் பார்த்து நான் சிரிக்கலாகாது. இது முதலாவது. ‘எல்லாம் ராசி’ என்று சிரித்துவிட்டு, செய்ய வேண்டிய வேலையை விட்டுவிடக் கூடாது. இது இரண்டாவது. யோனாவைக் கடலில் எறிந்தால் புயல் நின்றது என்பது அந்தக் கதையில். நம் ஊரில் யாரைக் குற்றம் சொல்லி எறிந்தாலும் மூடிய கால்வாய் திறக்காது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. மனை வாங்கும்போது பத்திரத்தை மட்டும் பார்க்காமல், அந்த ஊரின் பழைய கிராம வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று அதில் குறித்திருந்தால், வெயில் காலத்தில் அது எவ்வளவு காய்ந்த நிலமாகத் தெரிந்தாலும், மழைக் காலத்தில் தண்ணீர் தன் பழைய முகவரியைத் தேடி வரும். தண்ணீருக்கு மறதி கிடையாது.

முடிவுரை

சென்ற ஆண்டு ஐப்பசி தொடங்கியதும் எங்கள் வகுப்பு மாணவிகள் அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு கண்ணாடி ஜாடியைத் திறந்த வெளியில் வைத்து, பக்கத்தில் அளவுகோலை ஒட்டினார்கள். தினமும் காலை எட்டரைக்கு ஒருத்தி சென்று அளந்து நோட்டில் குறித்தாள். முதல் நாளே தகராறு. “ராத்திரியெல்லாம் கொட்டுச்சு டீச்சர், கண்டிப்பா பத்து செ.மீ. இருக்கும்” என்றார்கள். அளந்தால் பன்னிரண்டு மில்லிமீட்டர்! அன்றிலிருந்து அவர்கள் ‘பயங்கர மழை’ என்ற சொல்லைச் சற்று யோசித்தே சொல்கிறார்கள்.

முடிச்சூர் மாணவிதான் அந்த நோட்டைப் பாதுகாப்பவள். ஒரு நாள் என்னிடம் வந்து, “49 செ.மீ.னா இந்த ஜாடி ரெண்டு தடவை நிரம்பி வழிஞ்சிருக்கும் டீச்சர்” என்றாள். சற்று நேரம் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அந்தத் தண்ணி கெட்ட தண்ணி இல்லை, இல்லையா டீச்சர்? போறதுக்கு வழி இல்லாத தண்ணி” என்றாள்.

இந்தப் பாடத்தில் நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். அவள் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்.

பயிற்சி

1. உங்கள் தெருவில் விழும் மழைநீர் எந்த ஏரிக்குப் போக வேண்டும்? இன்று எங்கே போகிறது? வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுக.

2. உங்கள் வீட்டு மொட்டை மாடியின் நீள அகலத்தை அளந்து, 49 செ.மீ. மழையில் அதில் விழும் நீரைக் கணக்கிடுக. ஒரு லாரிக்கு 12,000 லிட்டர் என்றால் எத்தனை லாரி?

3. மழைநீர் சேகரிப்புக் குழாயின் வாயை ஐப்பசி பிறக்குமுன் அப்பாவோடோ அண்ணனோடோ மாடிக்குச் சென்று சுத்தம் செய்க. இது எழுத வேண்டிய வினா அன்று.

4. ஒரு மாதம் குடைக் கணக்கை நான்கு கட்டத்தில் குறித்து வருக. ‘ராசி’ எத்தனை மதிப்பெண் பெறுகிறது என்று வகுப்பில் சொல்க.